செவ்வாயும் வெள்ளியும் நூல் சேலை

1

நான் இருக்கும் நியூசிலாந்து ஊரில் வருடத்தில் நான்கே நாள்தான் கடைகளில் பட்டாசு விற்பார்கள். நவம்பர் தொடக்கத்தில் வரும் அந்த நான்கு நாளுக்காக, எங்கள் நகராட்சி அலுவலகம் செப்டம்பரிலேயே பரபரக்கத் தொடங்கிவிடும். கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள், பக்கத்து வீட்டு நாயைப் பயமுறுத்தாதீர்கள், காய்ந்த புல்லில் வைக்காதீர்கள் என்று நோட்டீஸ், வானொலி, பள்ளிக்கூடக் கூட்டம் எல்லாம் நடக்கும்.

நான் அந்த அலுவலகத்தில் மதிப்பீட்டு அலுவலர். நோட்டீஸ் அடிப்பதும் பேசுவதும் மற்றவர்கள் வேலை. அதைக் கேட்டு யாராவது எதையாவது மாற்றிக்கொண்டார்களா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. முதன்முதலில் இதை அக்காவிடம் போனில் விளக்கியபோது, "அதுக்கு ஒரு ஆளா? அதையும் சம்பளம் குடுத்தா பாக்கச் சொல்றாக?" என்று கேட்டாள். பதினாறு வருடமாக அந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒன்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருடம் என் மேலதிகாரி ஹெலன், "நீ பட்டாசு ஊரிலிருந்து வந்தவள்தானே, பாதுகாப்புப் பிரசாரத்துக்கான திட்டத்தை நீயே எழுது" என்று படிவத்தைக் கொடுத்துவிட்டாள். எனக்கு ஒரே பெருமை. கூட்ட மேசையில் மாதிரிக்கு வைத்திருந்த பட்டாசுப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிவகாசி என்று எங்காவது போட்டிருக்காதா? சீனா என்று போட்டிருந்தது. என் வீட்டுக் கல்யாணத்தில் யாரோ ஒருவர் நின்று பந்தி விசாரித்தது போல எரிச்சலாக இருந்தது.

படிவத்தின் முதல் கட்டம் 'நோக்கம்'. யோசிக்காமல் எழுதினேன்: 'பட்டாசுப் பாதுகாப்பு குறித்து மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்துதல்.' கால் மணி நேரத்தில் ஹெலன் திருப்பி அனுப்பிவிட்டாள். ஓரத்தில் ஐந்து கேள்விகள். யார்? இப்போது செய்யாத எதைச் செய்யப்போகிறார்கள்? எத்தனை பேர்? எந்தத் தேதிக்குள்? அது நடந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்?

அந்த ஐந்து கேள்விகளையும் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். ஹெலனுக்கும் ஒரு காலத்தில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிறகுதான் புரிந்தது. இந்தத் தொழிலில் நான் முதன்முதலில் எழுதிய வரி அது. ஊர்ப் பக்கம் சூலக்கரையில், ஆடும் ஒரு மர மேசையில் உட்கார்ந்து தமிழில் எழுதினேன். பட்டாசு என்ற சொல்லைக் கண்டதும் கை தானாக அங்கே போய்விட்டது.

2

என் அக்கா பெயர் மாரீஸ்வரி. என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னியதும், காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதும், படிக்க வைத்ததும் அவள்தான். எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது. அவளுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

சிவகாசிப் பக்கம், ஆனைக்குட்டம் அணைக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் ஊர். காலை ஆறரைக்கெல்லாம் கம்பெனி வேன்கள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். 'பட்டாசு ஆபீசுக்குப் போறா' என்போம். எங்கள் பக்கம் ஆலைக்கு ஆபீஸ் என்றுதான் பேர். என் மகள் கீர்த்தி சின்ன வகுப்பில் படிக்கும்போது, பெரியம்மா ஆபீசில் வேலை பார்க்கிறார் என்று நான் சொன்னதை வைத்து, சுழல் நாற்காலியில் கம்ப்யூட்டர் முன்னால் பெரியம்மா உட்கார்ந்திருப்பது போல் ஒரு படம் வரைந்தாள். ஜன்னலில் பூந்தொட்டி வேறு. அதை அக்காவுக்கு அனுப்பினேன். "இந்த ஆபீசுல எனக்கு ஒரு வேலை வாங்கிக் குடு பாப்பா" என்று அன்றைக்கு முழுக்கச் சிரித்தாளாம்.

உண்மையில் அவள் உட்கார்ந்திருந்தது மருந்து அடைக்கும் அறையில். வெடிக்கும் கலவையை எங்கள் ஊரில் மருந்து என்பார்கள். ஒரு கதவு இந்தப் பக்கம், ஒரு கதவு அந்தப் பக்கம் என்று தனித்தனியாகத் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்ன அறைகள். மாலையில் அவள் வீட்டுக்கு வரும்போது புருவம்கூட வெள்ளியாக மின்னும். அலுமினியப் பவுடர். ஆபத்தைப் பற்றி அவள் பேசியதே இல்லை. குளித்துவிட்டு வந்து, "என்ன படிச்சே இன்னைக்கு?" என்பாள்.

கல்லூரி முடித்ததும் எனக்குச் சூலக்கரையில், கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பட்டாசுத் தொழிலாளர்களிடம் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் வேலை. ஊர் ஊராகப் போய் மைக் பிடித்து ஐந்து விதிகள் சொல்வேன். நூல் சேலைதான் கட்ட வேண்டும். கொலுசு, கண்ணாடி வளையல் கூடாது. உள்ளே நுழையுமுன், உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்க, வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். மருந்து ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. கலந்த மருந்தை மிச்சம் வைத்துவிட்டுப் போகக் கூடாது. அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து, நான் சொல்லுமுன்பே அடுத்த விதியை முணுமுணுப்பாள். வீட்டில் ஒத்திகை பார்த்ததே அவள் முன்னால்தானே.

மாதக் கடைசியில் அறிக்கை எழுதுவேன். கூட்டம் போட்ட ஊர்கள் இத்தனை, கையெழுத்துப் போட்ட பெண்கள் இத்தனை, ஒட்டிய போஸ்டர் இத்தனை. சிவகாசிக்காரர்களுக்குப் போஸ்டருக்கா பஞ்சம்? எண்ணிக்கை எப்போதும் இலக்கைத் தாண்டித்தான் இருக்கும். எங்கள் ஒருங்கிணைப்பாளர் சார் அதைப் பார்த்து, "சபாஷ்" என்பார். ஒரு நாள் சென்னையிலிருந்து மேடம் ஒருவர் வந்தார். அறிக்கையைப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் நீங்க செஞ்சது. அவங்க என்ன செஞ்சாங்க? கூட்டம் போடறதுக்கு முன்னாடி எத்தனை பேர் காட்டன் கட்டினாங்க, இப்ப எத்தனை பேர் கட்டறாங்க?" என்று கேட்டார். சார் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அன்றுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக அளக்கக்கூடிய ஓர் இலக்கு வைத்தோம். எல்லா ஊரும் வேண்டாம், எங்கள் ஊர் மட்டும். எல்லா விதியும் வேண்டாம், முதல் விதி மட்டும். நைலக்ஸ் சேலை உரசிக் கிளம்பும் ஒரு சின்னப் பொறி போதும், மருந்துக்கு. ஆறு மாதத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேர் நூல் சேலையில் வேலைக்குப் போக வேண்டும். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், வேன் நிற்கும் இடத்தில் நின்று நான் எண்ண வேண்டும். மற்ற நாட்களில் முதல் பஸ் பிடித்து நான் சூலக்கரைக்குப் போய்விடுவேன்; திரும்பி வரும்போது அக்கா குளித்துச் சேலை மாற்றியிருப்பாள்.

3

முதல் செவ்வாயன்று பத்தில் மூன்று பேர்கூட நூல் சேலை கட்டியிருக்கவில்லை. ஆனால் அடுத்த வாரமே பாதிப் பேர். அதற்கடுத்து இன்னும் கூடியது. மூன்றாம் மாதத்தில், வேனில் ஏறிய அத்தனை பேரும் நூல் சேலை. பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் மதினி, கலர் போன ஒரு கட்டம் போட்ட சேலையைக் காட்டி, "எழுதிக்கிட்டியா பாப்பா? நல்லாப் பாத்து எழுது" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுவாள். நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு வரைபடம் வரைந்தேன். கோடு மேலே மேலே போனது. நான் பேசிய பேச்சுக்கு இப்படி ஒரு சக்தி இருக்கிறதா என்று எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

ஒரு புதன்கிழமை எனக்குக் காய்ச்சல். சூலக்கரைக்குப் போகவில்லை. அக்கா சாப்பாட்டுத் தூக்கை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதை எடுத்துக்கொண்டு வேன் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். அங்கே பச்சை, ரோஸ், ஊதா என்று ஒரே பளபளப்பு. ஒருத்திகூட நூல் சேலை இல்லை.

என்னைப் பார்த்ததும் வெள்ளத்தாய் மதினிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆத்தாடி, இன்னைக்குச் செவ்வாக்கிழமையா?" என்றாள்.

"புதன்தான் மதினி. பதறாதீக" என்றாள் அக்கா.

அக்காதான் என் கையிலிருந்து தூக்கை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "கோவிக்காத பாப்பா. ஒன் நோட்டுல கம்மியா எழுதினா ஒன்ன வேலைய விட்டு நிப்பாட்டிருவாகன்னு பேசிக்கிட்டாக. அதான் செவ்வாய்க்கு ஒரு நூல் சேலை, வெள்ளிக்கு ஒரு நூல் சேலைன்னு எடுத்து வச்சுக்கிட்டோம். இல்லாதவளுக்கு இருக்கறவ குடுத்தா. படிச்ச பிள்ள, வேலை போயிரக் கூடாதுல்ல."

"மத்த நாள் ஏன் கட்டலை?" என்று கேட்டேன். மூன்று மாதம் எண்ணியிருக்கிறேன், ஒரு நாள்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"எம்புட்டு அலசினாலும் அந்தப் பவுடரு நூல்ல இருந்து போக மாட்டேங்குது பாப்பா" என்றாள் மதினி. "நம்ம ஊர்ல தண்ணி வர்ற லச்சணம் ஒனக்குத் தெரியாதா? நைலக்ஸ்னா ஒரு உதறு உதறினாப் போதும், காலைல காஞ்சிரும்."

வேன் வந்துவிட்டது. ஏறும்போது ஒவ்வொருத்தியும் என் தோளைத் தொட்டுவிட்டு ஏறினாள். தப்புச் செய்துவிட்டோமே என்கிற மாதிரி.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அறிக்கையில் நான் உண்மையை எழுதவில்லை. 'ஊரிலுள்ள அனைத்துத் தொழிலாளர்களும்' என்று எழுதினேன். எண்ணிய நாட்களில் எண்ணியது உண்மைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தண்ணீரைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால், ஆபீசிலேயே நூல் சேலை வைத்து அங்கேயே துவைக்க ஏற்பாடு கேட்டிருக்கலாம். எழுதவில்லை. சென்னை மேடம் மகிழ்ந்துபோய், வெளிநாட்டில் மேற்படிப்புக்கு என்னைப் பரிந்துரை செய்து கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதத்தின் மூன்றாவது வரியில் எங்கள் ஊர் நூல் சேலைக் கணக்கு இருந்தது. நான் விமானம் ஏறியது அந்தப் பெண்களின் பாசத்தில் என்று சொல்லலாம். பொய்யில் என்றும் சொல்லலாம்.

4

இங்கே வந்த பிறகு படிப்பு, வேலை, கல்யாணம், கீர்த்தி. வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கம். அவருக்குப் பாலம் கட்டும் வேலை. நல்ல ஊர், நல்ல காற்று, குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர். ஆரம்பத்தில் அந்தக் குழாயைத் திறக்கும்போதெல்லாம் வெள்ளத்தாய் மதினி ஞாபகம் வரும். பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டதே என்று சில நாள் வருத்தமாக இருக்கும்.

ஊரைப் பற்றி எனக்கு ஏக்கம் என்றால் அது அக்காவைப் பற்றிய ஏக்கம்தான். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்வாளே, அந்த நேரம் எனக்கு வேண்டும். வேறு எதுவும் இல்லாமலே நான் சமாளித்துக்கொள்வேன்.

செய்தியில் 'சிவகாசி அருகே' என்று தொடங்கினால் எனக்கு உயிர் போய் உயிர் வரும். அந்த 'அருகே' எந்த ஊர் என்று தெரியும் வரை போனைக் கீழே வைக்க மாட்டேன். வேறு ஊர் என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அதற்காக அடுத்த நிமிடமே என்னை நானே திட்டிக்கொள்வேன். அந்த ஊரிலும் யாருக்கோ ஓர் அக்கா இருப்பாள்.

அக்காவின் கணவர் இறந்து, அவள் மகனும் திருப்பூருக்குப் போய்விட்ட பிறகு அவளை இங்கே மூன்று மாதத்துக்கு அழைக்க விசாவுக்கு எழுதிப் போட்டேன். வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, ஊர்த் தலைவர் கடிதம், நாங்கள் இருவரும் எடுத்த பழைய போட்டோ வரை எல்லாம் வைத்தேன். பதில் வந்தது: பயணம் முடிந்ததும் விண்ணப்பதாரர் தம் நாட்டுக்குத் திரும்பிவிடுவார் என்பதில் எங்களுக்குப் போதிய நிறைவு ஏற்படவில்லை. அக்காவிடம் படித்துச் சொன்னேன். "நான் அங்கன இருந்துக்கிட்டு என்ன செய்யப் போறேன்? தீவாளி சீசனுக்கு இங்க வர வேண்டாமா?" என்று அவள் உண்மையாகவே கோபப்பட்டாள். அந்த அதிகாரி ஒரு தடவை அவளோடு பேசியிருந்தால் போதும்.

நான் ஊருக்குப் போய் ஏழு வருடம் ஆகிறது. ஒரு வருடம் நோய்த்தொற்றில் எல்லையை மூடினார்கள். ஒரு வருடம் வீட்டுக்காரருக்கு முதுகில் அறுவை சிகிச்சை. ஒரு வருடம் என் பாஸ்போர்ட் காலாவதி, அடுத்த வருடம் கீர்த்தியுடையது. எல்லாம் உண்மையான காரணங்கள். ஒவ்வொரு ஞாயிறும் போனை வைக்குமுன், "சீக்கிரம் வர்றேன்க்கா" என்பேன். "சரித்தா" என்பாள்.

ஐந்து வருடத்துக்கு முன் அவளுக்கு விடாத இருமல் வந்தது. மருந்து ரூமை விட்டு, பாக்கெட் போடும் கொட்டகைக்கு மாறிக்கொள் என்று மன்றாடினேன். அழுதும் பார்த்தேன். ஒரு மாதம் கழித்து, "சரி, மாறிட்டேன்" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மூன்று கேள்வி கேட்பேன். சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா? எந்த ரூம்புல வேலை? "பாக்கெட் ரூம்புதான்" என்பாள். உடனே என் நோட்டில் ஒரு டிக் போடுவேன். சிரிக்காதீர்கள். தொழில் புத்தி. ஐந்து வருட டிக் இருக்கிறது. சம்பந்தப்பட்டவரையே கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டால் அது மதிப்பீடு ஆகாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் நான்.

5

ஹெலன் படிவத்தைத் திருப்பி அனுப்பிய வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு மாலை, அக்காவுக்கு முற்பகல். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை ஈரம். போன் அடித்தது. "நீ எடுத்துப் பேசும்மா" என்று கீர்த்தியிடம் சொன்னேன்.

கீர்த்திக்குப் பதினைந்து வயது. அவள் தமிழ் ஒரு காலில் செருப்பில்லாமல் நடப்பது போல நடக்கும். பெரியம்மாவோடு பேசு என்றால் 'ஹாய் பெரியம்மா, நல்லா இருக்கீங்களா, அம்மா இதோ' என்று மூன்றே வரியில் முடித்துவிடுவாள். இதற்கும் நான் இலக்கு வைத்துப் பார்த்திருக்கிறேன். வாரம் பத்து நிமிடம் என்று. பத்து நிமிடமும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். விட்டுவிட்டேன்.

அன்று என்னவோ அவளாகக் கேட்டாள். வகுப்பில் இடம் மாற்றி, அவளுக்குப் பிடிக்காத ஒருத்தி பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க அதுதான் அவளுக்குப் பெரிய துக்கம்.

"பெரியம்மா, உங்க வேலையில யார் உங்க பக்கம் உட்கார்றாங்க?"

இருபது வருடத்தில் யாரும் அக்காவிடம் அப்படிக் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். அவள் முகம் எப்படி மலர்ந்திருக்கும் என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.

"எம் பக்கத்துல நம்ம வெள்ளத்தாய் அத்தை. எதுத்தாப்புல ரெண்டு பேரு. சாத்தூர்ப் பக்கத்துக்காரிக. பாட்டுப் பாடுவாளுக பாரு, காது வலிக்கும்."

"அவ்வளவுதானா? நாலு பேர்தானா?"

"நாலு பேருதாந்தா. அந்த ரூம்புல அதுக்கு மேல உக்காரக் கூடாது. அஞ்சாவது ஆளு வந்தா நான் விட மாட்டேன்ல."

என் கை அரிசித் தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டது. பாக்கெட் போடும் கொட்டகையில் கூட்டமாக உட்காரலாம். அவர்கள் ஆபீசில் நாலு பேர் கணக்குப் பார்ப்பது மருந்து ரூமில்தான். மைக் பிடித்து ஊர் ஊராகச் சொன்னவள் நான். எனக்குத் தெரியாதா?

ஈரக்கையோடு போனைப் பிடுங்கினேன். "ஏக்கா, நீ எந்த ரூம்புல இருக்கே?"

"பாக்கெட் ரூம்புதான்" என்றாள், வழக்கம் போல.

"பாக்கெட் ரூம்புல எதுக்குக்கா நாலு பேரு?"

பின்னால் எங்கோ மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கத்தினேன். "அஞ்சு வருசமா பொய் சொல்லிருக்கே. நான் இங்க டிக் போட்டுக்கிட்டு இருக்கேன். ஒனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் என்னக்கா செய்வேன்? யாரு எனக்கு இருக்கா?" கீர்த்தி பயந்துபோய்க் கதவோரம் நின்றாள். நான் அப்படி அழுது அவள் பார்த்ததில்லை.

அக்கா நான் முடிக்கும் வரை காத்திருந்தாள். "அம்புட்டுத் தூரத்துல போயி உக்காந்துக்கிட்டு இருக்கே. ராத்திரி நீ தூங்கணும்ல பாப்பா. அதான் அப்படிச் சொன்னேன்" என்றாள்.

நான் அரிசிப் பாத்திரத்தை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"மொதல்ல நெசமாத்தான் மாறினேன்" என்றாள். "ரெண்டு மாசம் பாக்கெட் ரூம்புலதான் இருந்தேன். அந்தத் தீவாளி சீசன்ல ஒரு நா மருந்து ரூம்புப் பக்கம் போறேன், உள்ள ஏழு பேரு உக்காந்திருக்காளுக. லோடு ஏத்தணும், ஆர்டர் நிக்குதுன்னு போர்மேன் உக்கார வச்சுட்டாரு. ஒருத்தியும் வாயத் தொறக்கல. எனக்கு ஈரக்கொலை நடுங்கிருச்சு. மறுநாளே நான் திரும்பி உள்ள போயி உக்காந்துட்டேன். இப்ப போர்மேன் அஞ்சாவதா ஒருத்தியக் கூட்டிட்டு வந்தா, 'முடியாதுண்ணே, நாலு பேருதான், வேணும்னா நாங்க எந்திரிச்சு வெளிய வாரோம்'னு சொல்லுவேன். என்னைய ஒன்னும் சொல்ல மாட்டாக. பழைய ஆளு."

"ஒனக்கு எதுக்குக்கா இதெல்லாம்?"

"நல்லாருக்கே. சொல்லிக் குடுத்தவளே கேக்குறா பாரு. செம்புத் தகடு, நாலு பேரு, மிச்ச மருந்துன்னு நீதானே மைக்கப் புடிச்சுப் பேசுனே? நூல் சேலைதான் எங்களால கட்ட முடியல. மத்ததெல்லாம் நான் விடலையே."

நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் பேச்சால் என்ன ஆனது என்று இத்தனை வருடமாக எனக்குத் தெரியாமலே இருந்தது. ஒன்றும் ஆகவில்லை என்றுதான் மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். ஆகியிருக்கிறது. என் பேச்சுதான் அந்த அறையில் மூன்று பெண்களுக்கு நடுவில் அக்காவாக உட்கார்ந்து வாய் திறந்து பேசிக்கொண்டிருக்கிறது. அதையேதான் நான் ஐந்து வருடமாக அங்கிருந்து எழுந்து வா, எழுந்து வா என்று கெஞ்சியிருக்கிறேன். இனியும் கெஞ்சுவேன். அவள் அங்கே உட்கார்ந்திருப்பது சரியென்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை. எனக்கு என் அக்கா வேண்டும்.

6

"அப்ப நீ அந்த ரூம்ப விட்டு வெளிய வரவே மாட்டியா?" என்று கேட்டேன்.

"வருவேன். வெள்ளத்தாய் மதினி சொல்லணும்."

"அவுக என்னத்தச் சொல்லணும்?"

"போர்மேன்ட்ட, 'முடியாதுண்ணே'ன்னு சொல்லணும். என் மூஞ்சியப் பாக்காம, அவளா சொல்லணும். ஒரு தடவை சொன்னாப் போதாது. ஏதோ வேகத்துல சொல்லிட்டாம்பாக. ரெண்டு தடவை சொல்லிட்டான்னு வையி, மறுநா நான் பாக்கெட் ரூம்புக்குப் போயிருவேன்."

"இதுவரைக்கும் சொல்லிருக்காகளா?"

"போன வாரம் வாயத் தொறந்தா. பெறகு என்னப் பாத்தா. மூடிக்கிட்டா." அக்கா சிரித்தாள். "வந்துரும்."

யார், என்ன செய்யப்போகிறார், எத்தனை தடவை, அது நடந்தது என்று எப்படித் தெரியும். எல்லாம் இருந்தது. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் சொன்ன இந்த இலக்கில் நானோ ஹெலனோ சிவப்பு மை வைக்க ஒரே ஓர் இடம்தான் இருந்தது. வேலைப் பழக்கம் விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்:

"எந்தத் தேதிக்குள்ளக்கா?"

அந்தப் பக்கம் மிக்ஸி நின்றிருந்தது.

"தேதியா கேக்குறே?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நீ எனக்கு என்னைக்காச்சும் தேதி சொல்லிருக்கியா பாப்பா? சீக்கிரம் வாரேன்க்கா, சீக்கிரம் வாரேன்க்கான்னு ஏழு வருசமாச் சொல்றே. நானும் சரித்தா, சரித்தான்னு கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். ஒரு நாளாவது எப்பன்னு கேட்டனா?"

கேட்டதில்லை. நான் 'சீக்கிரம்' என்று சொல்வது அவள் மனம் ஆறுவதற்காக. நான் சொல்லிவிட்டேன் என்ற நிம்மதி எனக்கு வருவதற்காக அவள் சொன்னது அந்த 'சரித்தா'. ஏழு வருடமாக நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் முழு மதிப்பெண் போட்டுக்கொண்டு வந்திருக்கிறோம்.

கீர்த்தி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். போனில் எங்கள் மூன்று முகமும் தெரிந்தது. அக்காவுக்கு முன்னந்தலை முழுக்க நரைத்திருந்தது. அல்லது பவுடராக இருக்கலாம். இத்தனை வருடம் திரையில் பார்த்தும் அது எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

"நம்ம கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வாரேன்" என்றேன்.

"எந்தப் பங்குனி?"

"வார பங்குனி. கீர்த்திக்கு அப்ப பள்ளிக்கூடம் லீவு. மூணு பேரும் வாரோம்."

அவள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தது.

"நெசமாத்தான் சொல்றியா பாப்பா? இல்ல, நான் தூங்கணும்னு சொல்றியா?"

"லைனை வச்சுராத, அப்படியே இரு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, டிக்கெட் போட மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வரும்படி கீர்த்தியிடம் சொன்னேன்.